உயிர், உடைமை, மானம்: மினாங்கபாவ் மலைக்கிராமங்கள் கற்ற பாடம்

இறுதி ஹஜ்ஜின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், மக்களின் உயிரும் உடைமையும் மானமும் ஒருவர்க்கொருவர் புனிதமானவை என்று அறிவித்ததை ஒவ்வோர் ஆண்டும் ஹஜ் காலத்தில் நாம் கேட்கிறோம். பள்ளிவாசலில் அமர்ந்து கேட்கும்போது அது எவரும் மறுக்க முடியாத எளிய அறிவுரையாகவே தோன்றுகிறது. ஆனால் அரசனின் கையும் காவலனின் கண்ணும் எட்டாத ஒரு மலைக்கிராமத்தில் அம்மூன்றையும் காப்பவர் யார்? சொத்து யார் பெயரில் இருந்தால் அநாதையும் விதவையும் தெருவில் நிற்க நேராது? ஊர் தவறான வழியில் போகிறது என்று கண்டால், அதைத் திருத்துவதற்கு ஊரையே எரிக்கலாமா?

இந்தோனேசியாவின் சுமத்திராத் தீவில் மேற்கு மலைப்பகுதியில் வாழும் மினாங்கபாவ் முஸ்லிம்கள் இக்கேள்விகளோடு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் போராடியிருக்கிறார்கள். அப்போராட்டத்தில் இரத்தமும் சிந்தப்பட்டது, மையும் சிந்தப்பட்டது. எது நிலைத்தது, எது அழிந்தது என்பதை நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது பயனுள்ளது.

மலையும் நகரியும்

சுமத்திராவின் நெடுகிலும் முதுகெலும்பைப் போல ஓடுவது புக்கிட் பாரிசான் மலைத்தொடர். அதன் நடுவே மராப்பி, சிங்கலாங் முதலிய எரிமலைகள் நிற்கின்றன. இவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,900 மீட்டர் உயரமுடையவை. அவற்றைச் சூழ்ந்த அகாம், தானா டாதார், லீமா புலூ கோத்தா ஆகிய மூன்று நிலப்பகுதிகளே மினாங்கபாவ் மக்களின் தாயகம். எரிமலைச் சாம்பலால் செழித்த சரிவுகளில் படிப்படியாக வயல் அமைத்து நெல் விளைத்தார்கள். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குச் செல்லக் காட்டுப்பாதையே உண்டு. எனவே ஒவ்வொரு கிராமமும் தன்னைத் தானே ஆண்டுகொண்டது.

அக்கிராமத்திற்கு அவர்கள் இட்ட பெயர் ‘நகரி’. நம் ‘நகரம்’ என்ற சொல்லும் அதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஒரு குடியிருப்பு நகரி என்று அழைக்கப்பட வேண்டுமானால், அங்கே ஆலோசனை மன்றம், பள்ளிவாசல், நடைபாதை, பொது நீராடுதுறை ஆகியவை இருக்க வேண்டும். பகாருயுங் என்ற இடத்தில் ஓர் அரச குடும்பம் இருந்தது உண்மை. ஆயினும் அன்றாட வாழ்வில் அரசனின் ஆணையைவிடக் குலத்தலைவர்களின் கலந்தாலோசனைக்கே மதிப்பு அதிகம். அத்தலைவரைப் ‘பெங்ஹூலு’ என்றார்கள்.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆச்சேயின் பேரறிஞர் அப்துர் ரவூஃப் அவர்களிடம் பயின்ற ஷெய்கு புர்ஹானுத்தீன், கடற்கரை ஊராகிய உலாக்கானில் ஒரு கல்விக்கூடம் அமைத்தார்கள். அத்தகைய கூடத்தை அம்மக்கள் ‘சூராவ்’ என்பர். அங்கே பயின்ற மாணவர்கள் வழியாக மார்க்கக் கல்வி மலையேறி நகரிகள்தோறும் பரவியது. பருவம் எய்தும் முன்னரே சிறுவர்கள் வீட்டில் உறங்குவதை விட்டுச் சூராவில் இரவைக் கழித்தார்கள். குர்ஆன் ஓதுதலையும் தற்காப்புக் கலையையும் பெரியோரிடம் பேசும் முறையையும் அங்கேயே கற்றார்கள்.

வீடு யாருடையது?

சிறுவன் ஏன் சூராவில் உறங்க வேண்டும்? ஏனெனில் வீடு பெண்களுக்குரியது. எருமைக் கொம்பைப் போல முனைகள் உயர்ந்த கூரையுடைய அந்தப் ‘பெரிய வீட்டில்’ ஒரு பாட்டியின் பெண்மக்களும் பேத்திகளும் சேர்ந்து வாழ்ந்தார்கள். திருமணமான ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் அறை உண்டு. கணவன் இரவில் மனைவியின் வீட்டிற்கு வருவான். பகலில் தன் தாய்வீட்டு வயலில் பாடுபடுவான். குலப்பெயர் தாய்வழியே வரும். பிள்ளைகளின் வளர்ப்பிலும் திருமணத்திலும் முதற்பொறுப்பு தாய்மாமனுக்கு. அவரை அவர்கள் ‘மாமாக்’ என்று அழைப்பதைக் கேட்டால் நமக்கு அந்நியமாகவே தோன்றாது.

வீடும் வயலும் முன்னோர் காட்டைத் திருத்தி உண்டாக்கியவை. அவற்றை ‘உயர்ந்த மரபுச் சொத்து’ என்றார்கள். நம் பழந்தமிழ் வழக்கில் முதுசொம் எனலாம். முதுசொம் எந்த ஒருவரின் பெயரிலும் இல்லை. குலத்தின் பெண்வழியினர் அனைவருக்கும் பொதுவானது. தாய்மாமன் அதை மேற்பார்வையிடலாம், விற்க முடியாது. அடகு வைக்கவும் நான்கே காரணங்கள் ஏற்கப்பட்டன. வீட்டில் மையித்து இருக்க, அடக்கச் செலவுக்கு வழியில்லாமை ஒன்று. வயது வந்த குமருக்கு நிக்காஹ் நடத்தப் பொருளில்லாமை இரண்டு. பெரிய வீட்டின் கூரை பழுதடைந்து ஒழுகுதல் மூன்று. காலியாகக் கிடக்கும் குலத்தலைவர் பட்டத்தை மீண்டும் நிலைநாட்டுதல் நான்கு. இவற்றிலும் குலத்தாரின் இசைவு வேண்டும். சூதாடிக் கடன்பட்ட ஆண்மகன் ஒருவன் தன் தங்கையின் வீட்டை விற்றுத் தீர்க்க அங்கே வழியே இல்லை.

பெரிய வீட்டின் முற்றத்தில் கால்கள் மேல் நின்ற நெற்களஞ்சியங்களும் அவ்வாறே. ஒன்றில் அன்றாட உணவுக்கான நெல். மற்றொன்றில் விற்றுப் பொருள் வாங்குவதற்கும் விசேடங்களுக்குமான நெல். வேறொன்றில் பஞ்சகாலத்திற்கும் வறியவர்க்கும் உரிய நெல். கைவிடப்பட்ட மனைவியும் கணவனை இழந்தவளும் வீடிழக்கவில்லை. பசித்தவனுக்குத் தனிக் களஞ்சியம் இருந்தது. காவலர் இல்லாத மலையில் பாதுகாப்பு என்பது இதுவே.

சொத்தில் இடமில்லாத இளைஞர்கள் பொருள் தேடி வெளியூர் சென்றார்கள். வணிகராகவும் ஆசிரியராகவும் தீவுகளெங்கும் பரவினார்கள். இவ்வாறு புறப்பட்டுச் செல்வதை அவர்கள் ‘மெரன்தாவ்’ என்பர்.

பாதையில் பயம், பின்னர் வீட்டிலும்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நிலைமை மாறியது. மலையில் விளைந்த காபிக்கும் லவங்கப்பட்டைக்கும் கடலோரத்தில் நல்ல விலை கிடைத்தது. பணம் புழங்கிய வழியில் கொள்ளையரும் வந்தார்கள். வணிகர்கள் வழிமறிக்கப்பட்டார்கள், மனிதர்கள் பிடிக்கப்பட்டு அடிமைகளாக விற்கப்பட்டார்கள். சந்தைகளில் சேவற்சண்டையும் சூதும் அபினும் பெருகின. குலமரபு வீட்டைக் காத்தது. ஊருக்கு வெளியே உள்ள பாதையைக் காக்க அதனால் முடியவில்லை.

இதற்கு மார்க்கத்தில் விடை தேடியவர் அகாம் பகுதியின் துவாங்கு நான் துவோ என்ற முதிய ஆலிம். மக்களுக்கு ஷரீஅத்தின் சட்டங்களைக் கற்பித்து, வணிகம் நேர்மையாக நடக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். பிடித்துச் செல்லப்பட்டவர்களை விடுவிக்க அவரும் மாணவர்களும் பாடுபட்டார்கள். மெதுவான வழிதான், ஆனால் உயிரையும் உடைமையையும் காக்கும் நோக்கத்தை அவ்வழி ஒருபோதும் மறக்கவில்லை.

1803-ஆம் ஆண்டு ஹாஜி மிஸ்கீன், ஹாஜி சுமானிக், ஹாஜி பியோபாங் ஆகிய மூவர் மக்காவிலிருந்து திரும்பினார்கள். அங்கே அப்போது வஹ்ஹாபியர் ஆட்சி ஏற்பட்டிருந்ததைக் கண்டு, அதே வேகத்தில் தம் மலைநாட்டையும் திருத்த எண்ணினார்கள். துவாங்கு நான் துவோவின் மாணவராகிய துவாங்கு நான் ரெஞ்சே அவ்வேகத்திற்குத் தலைமை தாங்கினார். ஆசிரியர் தடுத்தும் மாணவர் கேட்கவில்லை. ‘பாத்ரி’ என்று பெயர் பெற்ற இவ்வியக்கம் சூதையும் அபினையும் மட்டுமன்றி, வெற்றிலையையும் புகையிலையையும் தடை செய்தது. ஆண்கள் தாடி வைத்து வெண்ணிற ஆடை அணிய வேண்டும். பெண்கள் முகத்தை மறைக்க வேண்டும். இணங்காத நகரிகள் தாக்கப்பட்டன. பெரிய வீடுகள் எரிக்கப்பட்டன, நெல்லும் கால்நடையும் கொள்ளையாயின, மனிதர்கள் சிறைபிடிக்கப்பட்டார்கள். பகாருயுங் அரச குடும்பத்தினர் பலரும் கொல்லப்பட்டனர்.

திருத்த வந்தவர்களின் குறைகூறல் முற்றிலும் பொய்யன்று. சூதும் அபினும் ஊரை அரித்துக்கொண்டிருந்தது உண்மையே. ஆனால் பாதையில் கொள்ளையரிடம் அஞ்சிய மக்கள், இப்போது தம் வீட்டிற்குள்ளேயே தம்மைப் போல் தொழுகிறவர்களிடம் அஞ்ச நேர்ந்தது. அதன் விளைவும் விரைவில் வந்தது. 1821 பிப்ரவரியில் குலமரபுத் தலைவர்கள் சிலர் டச்சுக்காரர்களோடு உடன்படிக்கை செய்து, மினாங்கபாவ் நாட்டை அவர்கள் கையில் ஒப்படைத்தார்கள். அதுவரை கடற்கரையோடு நின்றிருந்த அந்நிய ஆட்சி மலையேறிக் கோட்டை கட்டியது.

பொன்ஜோலில் ஒரு தலைவரின் தவ்பா

வடக்கே ஒரு மலைப்பள்ளத்தாக்கில், நிலநடுக்கோட்டை ஒட்டிய பொன்ஜோல் என்ற ஊர் பாத்ரிகளின் வலிமையான அரணாக விளங்கியது. முள்மூங்கில் வேலியும் மண்மதிலும் அதைச் சூழ்ந்திருந்தன. அதன் தலைவர் துவாங்கு இமாம் பொன்ஜோல். அவரும் அவர் பிள்ளைகளும் எழுதிய நினைவுக்குறிப்பு இன்றும் கிடைக்கிறது. போர்வீரர் ஒருவரின் குறிப்பில் நாம் எதிர்பாராத ஒரு செய்தி அதில் உள்ளது.

தாம் செய்துவந்தது சரிதானா என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. எனவே நம்பிக்கைக்குரிய சிலரை மக்காவுக்கு அனுப்பினார். அங்கே வஹ்ஹாபியர் ஆட்சி வீழ்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டதையும், மார்க்க அறிஞர்களின் கருத்து வேறாக இருப்பதையும் அவர்கள் அறிந்து வந்து கூறினார்கள். இதைக் கேட்ட தலைவர் மறைக்கவும் இல்லை, சமாதானம் சொல்லித் தப்பிக்கவும் இல்லை. மக்களைக் கூட்டித் தம் பக்கத்துத் தவற்றை ஒப்புக்கொண்டார். போரில் கொள்ளையாக எடுத்த பொருட்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கச் செய்தார். குலமரபுத் தலைவர்களின் பொறுப்புகளில் இனித் தலையிடுவதில்லை என்று அறிவித்து அவர்களோடு சமாதானம் செய்துகொண்டார்.

பிறரின் உரிமையைப் பறித்தவனின் தவ்பா, பறித்ததைத் திருப்பிக் கொடுக்காமல் நிறைவடையாது என்பது நாம் மத்ரஸாவில் படித்த பாடம். வெற்றிபெற்ற ஒரு தளபதி அதைத் தம் ஊரார் முன்னிலையில் நடைமுறைப்படுத்தினார். மரபு ஷரீஅத்தைச் சார்ந்து நிற்கும், ஷரீஅத் அல்லாஹ்வின் வேதத்தைச் சார்ந்து நிற்கும் என்று மினாங்கபாவ் மக்கள் இன்றும் பெருமையோடு கூறும் கொள்கை, இந்தச் சமாதானத்தோடு இணைத்தே நினைக்கப்படுகிறது.

1833-இல் இரு தரப்பினரும் ஒன்றுசேர்ந்து டச்சுக்காரர்களை எதிர்த்தார்கள். ஆயினும் காலம் கடந்திருந்தது. நெடிய முற்றுகைக்குப் பின் 1837 ஆகஸ்டில் பொன்ஜோல் வீழ்ந்தது. இமாம் பிடிபட்டு முதலில் ஜாவாவுக்கும், பின்னர் அம்போனுக்கும், இறுதியாக மனாடோவுக்கும் நாடுகடத்தப்பட்டு, 1864-இல் அந்நிய மண்ணில் காலமானார். 1847 முதல் டச்சு அரசு மலைமக்களைக் கட்டாயமாகக் காபி பயிரிடச் செய்து, தான் குறித்த விலைக்கு வாங்கியது. சகோதரர்களின் சண்டையால் திறந்த வாசல் அடைபட ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

வாள் ஓய்ந்தது, விவாதம் தொடர்ந்தது

சமாதானம் ஒரு கேள்வியைத் தீர்க்காமல் விட்டிருந்தது. குர்ஆன் வாரிசுப் பங்குகளைத் தெளிவாக வகுத்துள்ளது. அவ்வாறிருக்க, ஒருவர் இறந்தால் அவர் உடைமை அவருடைய பிள்ளைகளுக்குச் செல்லாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குச் செல்வது எப்படிப் பொருந்தும்?

இதை மிகக் கடுமையாக எழுப்பியவர் மினாங்கபாவின் மைந்தரே. அகாம் பகுதியில் 1860-இல் பிறந்த ஷெய்கு அஹ்மத் கத்தீப், மக்காவின் மஸ்ஜிதுல் ஹராமில் ஷாஃபிஈ மத்ஹபின் இமாமாகவும் கத்தீபாகவும் உயர்ந்தவர். தந்தையின் பொருளைப் பிள்ளைகளுக்குத் தராமல் மருமக்கள் உண்பது அபகரிப்பு என்று நூல் எழுதி அனுப்பினார். 1916-இல் மக்காவிலேயே வஃபாத்தானார். அவர் எழுத்து மலைநகரிகளைக் கலக்கியது. ஆனால் இம்முறை எந்த வீடும் எரியவில்லை.

அவரிடம் பயின்று ஊர் திரும்பிய மாணவர்களே விடையைத் தேடினார்கள். மனின்ஜாவ் ஏரிக்கரையில் பிறந்த ஹாஜி அப்துல் கரீம் அம்ருல்லாஹ் அவர்களுள் ஒருவர். நாவலாசிரியரும் தஃப்ஸீர் ஆசிரியருமாகிய ஹம்காவின் தந்தை. மூடநம்பிக்கைகளைச் சாடுவதில் இளைக்காதவர். ஆயினும் முதுசொம் பற்றி அவர் வேறொரு கேள்வி கேட்டார்: இறந்தவர் அதன் உரிமையாளரா?

வாரிசுச் சட்டம் இறந்தவருக்குச் சொந்தமாயிருந்த பொருளுக்கே பொருந்தும். முதுசொம் எவருக்கும் தனிச்சொத்தன்று. விற்கவும் கொடுக்கவும் எவருக்கும் அதிகாரமில்லை. உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, நிலத்தை நிறுத்திவைத்து அதன் விளைச்சலைத் தர்மமாக்கும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை நாம் அறிவோம். அந்நிலம் விற்கப்படவில்லை, அன்பளிப்பாகவும் வழங்கப்படவில்லை, வாரிசுகளுக்கும் பங்கிடப்படவில்லை. மினாங்கபாவின் முதுசொத்தையும் ஏறத்தாழ அத்தகைய வக்ஃபு போன்றதாக அவர் கருதினார். ஆனால் ஒருவர் தம் உழைப்பால் தேடிய தேட்டம் அவருடையதே. அதில் அவர் பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் உரிய பங்கை எவரும் தடுக்கக்கூடாது.

இவ்விளக்கத்தை எல்லா உலமாக்களும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கருத்து வேறுபாடு இன்றும் உண்டு. எனினும் 1952-இல் உலமாக்களும் குலத்தலைவர்களும் கற்றோரும் புக்கிட்திங்கியில் கூடி, முதுசொம் மரபின்படியும், தேடிய தேட்டம் ஷரீஅத்தின் வாரிசுச் சட்டப்படியும் செல்லும் என்று முடிவு செய்தார்கள். 1968-இல் பாடாங்கில் நடந்த கருத்தரங்கும் இதையே உறுதிப்படுத்தியது. பெண்களுக்கு வீடு நிலைத்தது. பிள்ளைகளுக்குத் தந்தையின் உழைப்பு சேர்ந்தது. முப்பது ஆண்டுப் போரால் எட்ட முடியாத தீர்வை மஷூரா எட்டியது.

இன்றைய மலைநகரி

1979-ஆம் ஆண்டின் கிராமச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒரே வகை நிர்வாகத்தைக் கொண்டுவந்தபோது, மேற்குச் சுமத்திராவின் நகரிகள் சிறு சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டன. மக்கள் அதை மனமொப்பி ஏற்கவில்லை. மாநிலங்களுக்குத் தன்னாட்சி கிடைத்ததும், 2000-ஆம் ஆண்டில் நகரி மீண்டும் நிர்வாக அலகாகத் திரும்பியது.

இயற்கையும் அவர்களைச் சோதித்துக்கொண்டே இருக்கிறது. கல்மேல் நிறுத்திய மரத்தூண்களும், ஆணியின்றிப் பிணைத்த மரச்சட்டங்களும் கொண்ட பழைய பெரிய வீடுகள் நில அதிர்வில் வளைந்துகொடுக்கக் கூடியவை. ஆனால் மலையே சரிந்தால் எந்த வீடும் தாங்காது. 2009 செப்டம்பர் 30 அன்று நேர்ந்த 7.6 அளவிலான நிலநடுக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைச்சரிவுகளில் இருந்த சில குடியிருப்புகள் மண்ணில் புதைந்தன. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக.

முதுசொத்தையும் ஆசை விட்டுவைக்கவில்லை. மேற்பார்வையாளராக இருக்க வேண்டிய தாய்மாமன் உரிமையாளரைப் போல நடந்துகொள்வதால் எழும் வழக்குகள் அங்கே நீதிமன்றம் வரை செல்கின்றன. அமானிதத்தைச் சுமப்பவரிடம் இறையச்சம் குறைந்தால், எந்த ஏற்பாடும் அந்த அளவுக்கே காக்கும்.

நம் வீடுகளுக்கு ஒரு கேள்வி

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மகளுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அவ்வீட்டிற்கு வந்து வாழும் வழக்கம் நமக்குப் பழக்கமானது. பெண்ணுக்குக் கூரை உறுதியாக இருக்க வேண்டும் என்ற அக்கறையில் அவ்வூர்களும் மினாங்கபாவும் ஒன்றுபடுகின்றன. ஆனால் வேறு பல வீடுகளில் நடப்பது என்ன? தந்தை மறைந்தபின், “கல்யாணத்திலேயே சீர் செய்துவிட்டோமே” என்று சொல்லிச் சகோதரியின் பங்கை மறுக்கிறோம். கேட்டால் உறவு முறிந்துவிடும் என்று அவளும் வாய் திறப்பதில்லை. அவளுடைய மௌனத்தை விட்டுக்கொடுத்தலாக நாம் கணக்கெழுதிக்கொள்கிறோம். இதுவும் உடைமையின் புனிதத்தை மீறுவதே. வீடு எரியாததால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

மினாங்கபாவ் உலமாக்கள் ஒவ்வொரு சொத்தின் முன்னும் நின்று கேட்ட கேள்வியை நாமும் கேட்கலாம். இது யாருடையது? யார் தேடியது? என்னிடம் இருப்பது உரிமையா, அமானிதமா? மகளுக்கு வீடு கொடுப்பதானால், தந்தை உயிரோடு இருக்கும்போதே மற்றப் பிள்ளைகளுக்கும் நீதி செய்து, முறையாக எழுதிக் கொடுக்கலாம். மறைந்தபின் எஞ்சுவதை, ஊரின் ஆலிமை அழைத்துக் கணக்கிட்டு, கேட்கும் முன்பே சகோதரியின் கையில் சேர்க்கலாம். முன்பே எடுத்துக்கொண்டது ஏதேனும் இருந்தால், பொன்ஜோல் இமாமைப் போல் திருப்பிக் கொடுக்கவும் நேரம் இருக்கிறது.

நம் உயிரையும் உடைமையையும் மானத்தையும் ஒருவர்க்கொருவர் காக்கும் மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.